அகராதியைத் திறந்தால் புதிர் கெட்டுவிடுமா?

கேட்டவர் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர். வண்டியில் உட்கார்ந்து ஆங்கில நாளிதழின் கிரிப்டிக் குறுக்கெழுத்தைப் போடப் பழகிவருகிறார். விடுமுறை நாளில் தமிழ்ப் புதிர்களும் போடுகிறார். செல்போனில் ஓர் அகராதி, எழுத்துகளைக் கலைத்துச் சொல் காட்டும் ஒரு செயலி, தெரிந்த எழுத்துகளை இட்டால் மீதிக் கட்டங்களை நிரப்பித் தரும் ஒரு தளம் என்று மூன்று வைத்திருக்கிறார். எதிர் இருக்கையில் வரும் மூத்தவர் ஒருவர், "போனப் பாத்து எழுதினா அது காப்பியாக்கும் மக்கா" என்கிறாராம். அவர் சொல்வது சரியா, இந்தத் துணைகள் புதிர் போடும் திறமையை வளர்க்குமா கெடுக்குமா என்பது கேள்வி.

மூத்தவர் சொல்வதில் பாதி சரி. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தள்ளுகிறாரே, அதுதான் சரியில்லை. அகராதி ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்லும், அவ்வளவுதான். மற்ற இரண்டும் நீங்கள் யோசிக்க வேண்டிய இடத்தில் தாங்களே யோசித்து விடையைக் கையில் கொடுத்துவிடுகின்றன. அகராதியையும்கூட எப்போது திறக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது துணையா கெடுதலா என்று சொல்ல முடியும்.

கிரிப்டிக் குறிப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது தெளிவாகும். சாதாரணக் குறுக்கெழுத்தில் பொருள் மட்டும் கொடுப்பார்கள். கிரிப்டிக்கில் ஒரே விடைக்கு இரண்டு வழி இருக்கும். குறிப்பின் ஒரு முனையில், தொடக்கத்திலோ முடிவிலோ, விடையின் நேர்ப்பொருள். மீதிப் பகுதியில் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கட்டும் வித்தை. இரண்டும் ஒட்டாகச் சேர்ந்து ஏதோ ஒரு சாதாரண வாக்கியம்போல நிற்கும். நண்பர்களுக்காக நான் எழுதிய ஒரு சின்னக் குறிப்பைப் பாருங்கள் (அடைப்புக்குள் இருக்கும் எண், விடையில் எத்தனை எழுத்து என்பது):

சிவா திரும்பிய படி (2)

படித்ததும் யாரோ ஒரு சிவா திரும்பிக்கொண்டிருப்பதுபோல் மனதில் படம் விழுந்துவிடும். 'திரும்பிய சிவா' என்றால் சிவா என்ற இரண்டு எழுத்தையும் பின்னாலிருந்து எழுத வேண்டும்: வாசி. கடைசியில் இருக்கும் 'படி'க்கு நேர்ப்பொருளும் வாசி. இதில் யாருக்கும் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. 'திரும்பியபடி' என்று காதில் ஒட்டிக்கொண்ட இரண்டு சொல்லைப் பிரித்துக் கேட்பதுதான் முழுச் சிரமமும், விடை கிடைத்ததும் வரும் முழுச் சந்தோஷமும். இதே குறிப்புக்கு 'படி' என்று தட்டி ஒத்த சொற்கள் கேட்டால் ஓது, கல், பயில், வாசி என்று வரிசையாக வரும். பயிலுக்கு மூன்று கட்டம் வேண்டும். மீதியில் குறுக்கே வரும் எழுத்தோடு பொருந்துவதை எழுதிவிடலாம். கட்டம் நிரம்பும், சிவா அங்கே எதற்கு வந்தார் என்பது தெரியாமலே போகும்.

ஆகவே நான் பிடித்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: குறிப்பில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குச் சொல்ல முடிந்தால் அந்தக் குறிப்பை நீங்கள் தீர்த்தீர்கள். முடியாவிட்டால், விடை சரியாகவே இருந்தாலும் இன்னும் தீர்க்கவில்லை. அந்தக் கணக்கை முடிக்க உதவும் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். கணக்கே பார்க்காமல் விடைக்குக் கொண்டுபோகும் எதையும் பழகிக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

அகராதி கணக்கை முடிப்பது எப்படி என்பதற்கு இன்னொரு குறிப்பு:

மானுக்கு முன் கொடு, குளத்துப் பூவை (3)

இதைக் குழித்துறையில் ஏறும் ஒரு தோழியிடம் காட்டினேன். வண்டி பாறசாலை சேருவதற்குள் "தாமரை" என்றுவிட்டார். குளத்துப் பூ, மூன்று எழுத்து, வேறென்ன? ஆனால் பேனாவை எடுக்கவில்லை. 'கொடு' என்றால் தா, அது முன்னால் வருகிறது, சரி. அப்படியானால் மீதி 'மரை' மானாக இருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த மரை திருகாணியில் இருப்பது. குழாய் வேலைக்கு வருகிறவர் "மரை தேஞ்சு போச்சு" என்று சொல்லும் மரை. திருகாணிக்கும் மானுக்கும் என்ன சம்பந்தம் என்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டே போனில் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியைத் திறந்தார். மரை என்பது மான் வகைகளில் ஒன்று என்று அங்கே போட்டிருந்தது. "அட, தாவும் மரையும் சேந்தா தாமரையா!" என்று அவர் சிரித்துக்கொண்டே எழுதினார்.

அகராதி அந்த இடத்தில் எதையும் கெடுக்கவில்லை. விடை அவருடையது, பிரித்ததும் அவர்தான். ஒரு துண்டுக்கு மட்டும் சாட்சி தேவைப்பட்டது. இனி எந்தப் புதிரிலாவது மரை என்ற மான் வந்தால் அவருக்கு அகராதி வேண்டியிருக்காது. விடை வந்த பிறகு அகராதியைத் திறப்பதை நான் எல்லோருக்கும் சொல்வேன், கட்டாயமாகவே சொல்வேன். சந்தேகத்தோடு எழுதிவிட்டுத் தாண்டிப் போவதைவிட அது எவ்வளவோ மேல். விடை வருவதற்கு முன்னாலும், "மானுக்குப் பழைய பெயர் ஒன்று இங்கே இருக்க வேண்டும், ரை என்று முடிய வேண்டும்" என்று நீங்களே ஊகித்து, அந்த ஊகம் சரியா என்று பார்க்கத் திறந்தால் தவறில்லை. என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் பக்கம் புரட்டுவதுதான் வீண்.

இந்த விவகாரத்துக்கு ஆங்கிலப் புதிர் உலகிலேயே இரண்டு விதமான வழக்கம் இருக்கிறது என்பது மூத்தவருக்குத் தெரிந்திருக்கலாம். 1913 டிசம்பர் 21-ல் நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டபோது அது வெறும் பொருள் கேட்கும் புதிர்தான். அதை வித்தைப் புதிராக மாற்றியது இங்கிலாந்து. 1920-களில் அப்சர்வர் இதழில் டோர்க்கெமாடா என்ற புனைபெயரில் ஒருவர் முழுக்க வித்தைக் குறிப்புகளாலேயே புதிர் கட்டினார். அவருக்குப் பின் சிமெனீஸ், 1972 முதல் ஏஸெட். மூன்றுமே ஸ்பெயினில் மத விசாரணை நடத்தியவர்களின் பெயர்கள். ஏஸெட் மட்டும் டேஸா என்பவரின் பெயரைத் திருப்பிப் போட்டது. வாசகரை வதைக்கிறோம் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். இந்த ஏஸெட் புதிர்களில் சேம்பர்ஸ் அகராதியைப் பயன்படுத்தும்படி அவரே பரிந்துரைத்தார். காரணம் இருக்கிறது. அந்தக் கட்டங்களில் வரும் சொற்களில் பல, எந்த ஆங்கிலேயரும் வாழ்நாளில் பேசியிராதவை. வித்தையை அவிழ்த்து இப்படி ஒரு சொல் இருக்கலாம் என்று கட்டுவது போடுகிறவர் வேலை. இருக்கிறதா என்று பார்க்க அகராதி. அங்கே அகராதியைத் தொடாமல் போடுவேன் என்று வீம்பு பிடித்தால் புதிராசிரியர் எதிர்பார்த்த விளையாட்டையே ஆடவில்லை என்றாகிவிடும்.

மறுபக்கம், லண்டன் டைம்ஸ் நாளிதழ் 1930-ல் குறுக்கெழுத்து வெளியிடத் தொடங்கி, 1970-ல் ஒரு சாம்பியன் போட்டியும் ஆரம்பித்தது. அதில் தாளும் பேனாவும்தான். அகராதி கூடாது, பக்கத்தில் இருப்பவரைக் கேட்கக் கூடாது, நேரத்துக்கும் மதிப்பெண் உண்டு. நம் நாட்டில் இந்து நாளிதழின் புதிர் 1971-ல் தொடங்கியது. முதலில் அதைக் கட்டியவர் ஓய்வுபெற்ற வைஸ் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி. இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். அது டைம்ஸ் வழியில் வந்த தினசரிப் புதிர். காபி குடிக்கும் நேரத்தில், கையில் எதுவும் இல்லாமல், நன்றாகப் படித்த ஒருவர் போட்டுவிட வேண்டும் என்ற எண்ணத்தில் கட்டப்படும் வகை. அதனால்தான் எதிர் இருக்கையில் அப்படிச் சொல்கிறார்கள். அவர் பழகியது இந்த வகை. இதற்கு அவர் சொல்லும் நியாயம் பொருந்தும். எந்தப் புதிர் முன்னால் இருக்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் போட முடியாது.

அந்த நியாயத்தையும் நம் பக்கத்தில் கொஞ்சம் தளர்த்தியாக வேண்டும். "நன்றாகப் படித்த ஒருவர்" என்று இங்கிலாந்தில் மனதில் வைத்துக்கொள்வது யாரை? மாலுமி என்றால் டார், மகாராணி என்றால் ஈ-ஆர் (எலிசபெத் ராணியின் முத்திரை எழுத்துகள்), பாலம் கட்டும் படைப்பிரிவு என்றால் ஆர்-ஈ (ராயல் இன்ஜினியர்ஸ்), மறைமாவட்டம் என்றால் ஈலி என்ற ஊர் என்று குழந்தையிலிருந்தே காதில் விழுந்து வளர்ந்த ஒருவரை. ஈலியில் பழைய பேராலயம் ஒன்று இருக்கிறது என்பது கேம்பிரிட்ஜ் பக்கத்து ஆளுக்குத் தெரியும். நாகர்கோவில்காரருக்கு எப்படித் தெரியும்? கோட்டாறு மறைமாவட்டம், குழித்துறை மறைமாவட்டம் என்றால் நமக்குத் தெரியும். ஆகவே இந்தச் சுருக்கங்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு பார்ப்பதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. அது புத்திக்கு மாற்று கிடையாது. பிறந்த ஊர் கொடுக்காததைப் பட்டியல் கொடுக்கிறது, அவ்வளவுதான். பார்த்துப் பார்த்து எழுதினால் தானாக மனதில் நின்றுவிடும். அதற்குப் பிறகு பட்டியலைத் தேட மாட்டீர்கள்.

தமிழ்ப் புதிரில் இது நமக்குச் சாதகமாகவும் திரும்பும். இந்தக் குறிப்பைப் பாருங்கள்:

சொல், அது தோல் கருவி (2)

களியக்காவிளையிலோ அருமனையிலோ இருப்பவருக்கு இது புதிரே இல்லை. "அம்ம பறஞ்சா கேக்கணும்" என்று கேட்டு வளர்ந்தவர் 'சொல்' என்றதுமே பறை என்றுவிடுவார். பறை தோல் கருவியும்கூட. சென்னையில் இருக்கும் என் நண்பர் இதில் ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டார். மேளம், முரசு, தவில் என்று சுற்றினார். பறையையும் தொட்டார், 'சொல்' எங்கே பொருந்துகிறது என்று புரியாமல் விட்டுவிட்டார். லெக்சிகனில் பறைதல் என்பதற்குச் சொல்லுதல் என்ற பொருளும் இருக்கிறது. அவர் அதைத் திறந்து பார்த்திருந்தால், அருமனைக்காரர் திறக்காமல் போட்டதைவிட எந்த வகையிலும் மட்டமாகிவிட மாட்டார். இருவருக்கும் வித்தை ஒன்றுதான்: ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஒருவருக்கு அந்த இரண்டாவது பொருள் வீட்டிலேயே கிடைத்தது, இன்னொருவருக்குப் புத்தகத்தில். எல்லையோரத்தில் இருக்கும் நாம் இதை மறக்கக் கூடாது. கொல்லத்துப் பக்கம் வேலைக்குப் போனவருக்கும் தஞ்சாவூர்க்காரருக்கும் ஒரே தமிழ் அகராதி தலைக்குள் இருக்காது.

இப்போது அந்தக் கலைப்புச் செயலிக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

ஆங்கில அனகிராமில், அதாவது எழுத்துகளை மாற்றி அடுக்கச் சொல்லும் குறிப்பில், ஒன்பது, பத்து எழுத்து கலைந்து கிடக்கும்போது, பழகாதவர் ஒரு செயலியைத் தேடுவது புரிகிறது. ஒன்பது எழுத்து எல்லாம் வேறுவேறாக இருந்தால் 3,62,880 விதமாக அடுக்கலாம். அங்கேகூட நான் சொல்வது, எழுத்துகளை வட்டமாக எழுதிவைத்து, ஐ-என்-ஜி, ஈ-டி போன்ற முடிவுகளைப் பிரித்துப் பாருங்கள் என்பதுதான். தமிழில் அந்தச் செயலிக்கு அவசியமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று ஒரு குறிப்பை எடுத்துக் காட்டுகிறேன்:

நகரம் நிலைகுலைந்தால் பாவிகள் சேருமிடம் (4)

'நிலைகுலைந்தால்' என்பது கலைத்துப் போடச் சொல்லும் சொல். ந, க, ர, ம் என்ற நான்கு எழுத்தை 24 விதமாக அடுக்கலாம். நம் இலக்கணம் இதில் பெரும்பகுதியை ஒரு நொடியில் கழித்துவிடும். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ரகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே முதல் கட்டத்தில் ந அல்லது க. அடுத்து, ம் சொல்லின் நடுவே வந்தால் அதைத் தொடர்ந்து க-வோ ந-வோ ர-வோ நிற்காது. மகரமெய்க்குப் பின் வரக்கூடிய எழுத்துகள் ப, ய, வ, ம மட்டும்தான். அப்படியானால் ம் கடைசியில்தான் நிற்க முடியும். மிஞ்சுவது நான்கே நான்கு: நகரம், நரகம், கநரம், கரநம். முதலாவது குறிப்பிலேயே இருக்கிறது. கடைசி இரண்டும் சொல்லே இல்லை. விடை உங்கள் முன்னால் நிற்கிறது.

பள்ளிக்கூடத்தில் மொழி முதல் எழுத்து, மொழி இறுதி எழுத்து, மெய்ம்மயக்கம் என்று மனப்பாடம் செய்தோமே, தொல்காப்பியத்திலிருந்து வரும் அந்த விதிகள் இத்தனை அழகாக வேலை செய்யும் இடம் வேறு எனக்குத் தெரியாது. செயலியில் தட்டினால் நரகம் என்று வந்துவிடும். ஆனால் மேலே நடந்த கழித்தல் முழுவதையும் இழந்துவிடுவீர்கள். அடுத்த முறை ஐந்து எழுத்து, ஆறு எழுத்து வந்தால் கையில் ஒன்றும் இருக்காது, மறுபடி செயலிதான். அகராதியில் பார்த்தது மனதில் தங்குகிறது, செயலியில் பார்த்தது தங்குவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பலருக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கட்டம் நிரப்பும் தளம் தமிழில் இன்னும் பெரிய கெடுதல். ஆங்கிலத்தில் குறுக்கே ஓர் ஈ விழுந்தால் அது பெரிதாக எதையும் காட்டிக்கொடுக்காது. பாதிச் சொற்களில் ஈ இருக்கும். தமிழில் ஒரு கட்டத்தில் 'ழி' விழுந்தால் நிலைமையே வேறு. 247 எழுத்தில் ஒன்று அது. எத்தனை சொற்களில்தான் வரும்? உதாரணத்துக்கு:

பள்ளத்தை அடுத்துப் படகு நிற்கும் இடத்தில் ரயிலும் நிற்கும் (5)

இரண்டாம் கட்டத்தில் ழி, நான்காம் கட்டத்தில் து என்று குறுக்கே கிடைத்துவிட்டால், ஊர்ப்பெயரும் சேர்ந்த எந்தச் சொற்பட்டியலும் குழித்துறை என்று உடனே எடுத்துக் கொடுத்துவிடும். பள்ளம் குழி, படகு நிற்கும் இடம் துறை, நடுவில் சந்தியால் ஒரு த் தானாக முளைக்கிறது என்பதைப் பார்க்க உங்களுக்கு நேரமே கிடைக்காது. தினமும் தாண்டிப் போகும் நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து அதற்குள் இரண்டு சொல் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சந்தர்ப்பம் அப்படியே கை நழுவிவிடும்.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு, செயலி நம்பிகள் கவனிக்க. கணினி குழித்துறையை ஐந்து எழுத்தாக எண்ணுவதில்லை. க, அதற்கு உகரக் குறி, ழ, அதற்கு இகரம், த, அதற்குப் புள்ளி என்று ஒவ்வொன்றையும் தனித்தனிக் குறியாக வைத்து யூனிகோடில் பத்து என்று எண்ணும். நகரம் நமக்கு நாலு, அதற்கு ஐந்து. தமிழுக்கென்று எழுதப்படாத கருவியில் "ஐந்தெழுத்துச் சொல்" என்று கேட்டால் தவறான பட்டியல் வரும். கலைக்கச் சொன்னால் கொம்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கமாகச் சிதறும். சந்தியும் அதற்குத் தெரியாது. வேற்றுமை உருபு ஏறிய சொல்லோ வினைமுற்றோ விடையாக வந்தால் அகராதிப் பட்டியலில் அது இருக்காது.

துணைநூல் என்பதே நம் மரபுக்கு அந்நியம் என்று யாராவது நினைத்தால் அதுவும் சரியில்லை. நிகண்டுகளைப் பாருங்கள். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. அதை எதுகைப்படி, இரண்டாம் எழுத்தின் வரிசையில் அடுக்கியிருக்கிறார் மண்டலபுருடர். செய்யுள் எழுதுகிறவருக்கு இரண்டாம் எழுத்துதானே முக்கியம். குறுக்கே ஓடும் சொல்லிலிருந்து இரண்டாம் கட்டத்து எழுத்து கிடைத்து உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான நூல் யாராலும் செய்ய முடியாது. வீரமாமுனிவர் 1732-ல் முடித்த சதுரகராதியின் நான்கு பகுதிகளில் கடைசி தொடை. எதுகைக்கு ஏற்ற சொற்களைத் திரட்டித் தருவது. புலவர்கள் இப்படிப்பட்ட நூல்களின் துணையோடு பாட்டுக் கட்டினார்கள். வித்தியாசம் என்னவென்றால், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். நூல் தலைக்குள் போய்விட்டது. உள்ளே போனபின் அது துணை என்ற பெயரை இழந்து அவர்களுடைய கல்வி ஆகிவிட்டது. இன்று நாம் பார்க்கும் அகராதியும் அப்படி உள்ளே போகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

தமிழ் லெக்சிகனுக்கும் இந்த ரயில் பாதைக்கும் ஓர் உறவு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டு, பின் ஓர் அநுபந்தமும் சேர்த்த அந்தப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. 1926-லிருந்து அதன் பதிப்பாசிரியராக இருந்து முடித்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. அதற்கு முன் திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராக இருந்தவர். பிற்காலத்தில் அங்கேயே திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தார். மரைக்கு மான் என்ற பொருள் இன்று ரயிலில் ஒரு விரல் தட்டலில் கிடைப்பதற்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கேட்பார்கள். குறிப்பை அப்படியே ஒட்டினால் விடையும் விளக்கமும் தந்துவிடும். தமிழ்க் குறிப்புகளில் விளக்கம் பொருந்தாமல் இருந்தாலும் உறுதியாகவே பேசும். கற்றுக்கொள்ள வந்தவருக்குத் தவறான விளக்கம், விளக்கமே இல்லாததைவிட மோசம். நான் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

விடைத்தாளைப் பற்றிப் பலர் வெட்கப்படுகிறார்கள், அதற்குத் தேவையில்லை. மறுநாள் வரும் விடையை எடுத்து வைத்துக்கொண்டு, போடாமல் விட்ட குறிப்புகளைப் பின்னாலிருந்து அவிழ்ப்பதைவிட நல்ல பயிற்சி கிடையாது. புதிதாக வருகிறவர் முதல் சில மாதம் இதை மட்டுமே செய்தாலும் போதும் என்பேன். "தகுந்த ஓலை தலையிழந்தால் குமரி மாவட்டத்தில் ஓர் ஊர் (4)" என்று ஒரு குறிப்பு, விடை தக்கலை என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை கையில் இருக்கிறது. இப்போது கணக்குக் கேளுங்கள். தகுந்த என்றால் தக்க. ஓலையின் தலை ஓ. அது போனால் லை. தக்க, லை. இப்படி ஒருமுறை அவிழ்த்தவர், 'தலையிழந்து', 'வாலறுந்து', 'நெஞ்சு நீங்கி' என்று எங்கே பார்த்தாலும் எந்த எழுத்தை எடுக்க வேண்டும் என்று அடுத்த முறை தானாகவே பார்ப்பார். விடையைப் பார்த்து எழுதிக் கட்டத்தை நிரப்பிவிட்டு, முடித்தேன் என்று சொல்வதுதான் மூத்தவர் சொல்லும் காப்பி.

உங்கள் பயணத்துக்கு என் யோசனை இது. வண்டி கிளம்பியதிலிருந்து பாறசாலை வரை போன் பையிலேயே இருக்கட்டும். அதற்குள் வருவது வரட்டும். பாறசாலை தாண்டியதும் அகராதியைத் திறங்கள். நீங்களே ஊகித்த சொற்களைச் சரிபார்க்க மட்டும். நேமம் நெருங்கும்போது இன்னும் நாலைந்து குறிப்பு மிஞ்சினால் எதிர் இருக்கைக்காரரிடம் கேளுங்கள். விடையைச் சொல்ல வேண்டாம், நேர்ப்பொருள் எந்த முனையில் இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள் என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார், இத்தனை வருஷம் போட்டவருக்கு அதைவிட நல்ல உபசாரம் இல்லை. கலைப்புச் செயலியையும் கட்டம் நிரப்பும் தளத்தையும் நீக்கிவிடுங்கள்.

தமிழுக்கு ஒரே ஓர் அகராதி வாங்குவதானால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வாங்குங்கள். 1992-ல் முதலில் வந்தது, 2008-லும் 2020-லும் விரிவாக்கிய பதிப்புகள். இன்று எழுத்தில் புழங்கும் சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு பொருள் சொல்லும். வித்தைக் குறிப்பு எழுதுகிறவர்கள் ஒரு சொல்லை எப்படியெல்லாம் வளைப்பார்கள் என்பது அந்த வாக்கியங்களைப் படித்தால் புரியும். பழைய சொல்லுக்கு லெக்சிகன். அது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே தேடக் கிடைக்கிறது, நிகண்டுகள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு சேம்பர்ஸ். புத்தகம் ரயிலுக்குக் கொண்டுபோக முடியாத கனம், ஆகவே அதை வீட்டில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் திரும்பியதும் காலையில் சந்தேகமாக எழுதிய விடைகளை எடுத்துப் பாருங்கள்.